போன்சாய்க்கு உருவம் கொடுப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

அடுத்த மாதம் இரண்டு நாள் போன்சாய் பயிற்சிக்குப் போகிறேன். ஆளுக்கொரு மரம் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். எந்த மரம் வாங்கலாம்? இரண்டு நாளில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?
– வாசகி, மதுரை

இச்சி வாங்குங்கள். நர்சரியில் பைக்கஸ் என்று கேட்டால் தருவார்கள். இலை சிறிதாக, தடித்துப் பளபளப்பாக இருக்கும் வகையாகப் பாருங்கள். வெட்டிய இடத்தில் துளிர்க்கும், வேரைக் குறைத்தாலும் தாங்கும், கைத்தவறு நேர்ந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அடிமரம் 3 முதல் 5 செ.மீ. பருமன் இருக்க வேண்டும். உயரம் ஐந்தடி ஆனாலும் பரவாயில்லை, எப்படியும் மேலே வெட்டத்தான் போகிறோம்.

வாங்கும்போது பலரும் இலையைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் அடியைப் பாருங்கள். பையின் மேல்மண்ணை விரலால் இரண்டு அங்குலம் விலக்கினால் வேர் எப்படிக் கிளம்புகிறது என்று தெரியும். நாலாபக்கமும் பரவியிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஒரே பக்கம் ஒற்றை வேர் தடித்து ஓடினால் விட்டுவிடுங்கள். அடுத்ததாக, தண்டு அடியில் பருத்து மேலே போகப்போகச் சிறுக்க வேண்டும். தாழ்ந்த கிளைகளும் இருக்க வேண்டும். கிழங்கு போல வேர் பருத்து, உச்சியில் வேறு இலை ஒட்டுக்கட்டிய ஜின்செங் பைக்கஸ் பயிற்சிக்கு உதவாது. எத்தனை வருடம் வளர்த்தாலும் ஒட்டுப்போட்ட தழும்பு தெரிந்துகொண்டே இருக்கும்.

பயிற்சி நாள் வரை கத்தரி வைக்காதீர்கள், தொட்டியும் மாற்றாதீர்கள். கிளை எத்தனைக்கு எத்தனை அதிகமோ, ஆசிரியருக்கு அத்தனை வழி இருக்கும். முந்தின நாள் காலையில் தண்ணீர் ஊற்றினால் போதும். நீர் சற்றுக் குறைந்திருக்கும் கிளை எளிதில் வளையும்.

கற்க வேண்டியதில் முதலாவது, மரத்துக்கு முன்பக்கம் எது என்று கண்டுபிடிப்பது. நல்ல ஆசிரியர் மரத்தைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி வைத்துச் சுழற்றிச் சுழற்றிப் பார்ப்பார். அதற்கே அரைமணி நேரம் போகும். வேர் எந்தப் பக்கம் அகலமாகத் தெரிகிறது, தண்டின் நெளிவு எங்கிருந்து நன்றாகப் புலப்படுகிறது, உச்சி பார்ப்பவரை நோக்கிச் சற்றே சாய்கிறதா என்பதுதான் அவர் பார்ப்பது. பிறகு கிளை. பொதுவாக முதல் கிளை மொத்த உயரத்தின் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கும், இரண்டாவது அதற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் மேலே, மூன்றாவது பின்பக்கம். இந்தப் பின்கிளையைத்தான் புதியவர்கள் தேவையில்லை என்று முதலில் வெட்டுகிறார்கள். அது போய்விட்டால் மரம் சுவரில் மாட்டிய படம் போலத் தட்டையாகிவிடும். சந்தேகமாக இருக்கும் கிளையை வெட்டும் முன் துணி சுற்றி மறைத்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

“எதை வெட்டட்டும்?” என்று கேட்பதைவிட “இதை ஏன் விட்டீர்கள்?” என்று கேளுங்கள். அந்தப் பதில்தான் உங்கள் அடுத்த மரத்துக்கும் உதவும். இரண்டாவது பாடம், கிளையை வளைத்து நிறுத்தக் கம்பி கட்டும் கை. அதை அடுத்த பதிலில் பாருங்கள். ஜப்பானில் ஆசிரியர் வீட்டிலேயே தங்கிக் கற்கும் மாணவருக்கு வழக்கமாக ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர் ஊற்றுவதிலும் களை எடுப்பதிலும் பழைய கம்பியை வெட்டி எடுப்பதிலும் போகும். 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவிலிருந்து வெளியேறியவர்கள் 1925இல் உருவாக்கிய ஓமியா போன்சாய் கிராமம் இந்தக் கலைக்குப் பேர்போனது. இரண்டு நாள் பயிற்சி ஒரு தொடக்கம். வீட்டில் அதே வகை மரம் இன்னொன்று வைத்துக்கொண்டு, பார்த்ததை அந்த வாரமே செய்து பாருங்கள்.

இச்சிக்குக் கம்பி கட்டி இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், கம்பி பட்டைக்குள் புதைந்திருக்கிறது. சுற்றிப் பிரித்தபோது பட்டையும் சேர்ந்து உரிந்துவிட்டது.
– வாசகர், கோயம்புத்தூர்

போன்சாய்க் கம்பியைப் பிரித்து எடுக்கக் கூடாது. சுற்றுக்குச் சுற்று கம்பி வெட்டும் கட்டரால் துண்டித்து, துண்டு துண்டாக உதிர்க்க வேண்டும். கம்பியை மிச்சம் பிடிக்கப் போய்க் கிளையை இழக்கிறோம். புதைந்துபோன இடத்தில் வெளியே தெரியும் இரு முனைகளையும் வெட்டி, நடுத்துண்டைக் குறடால் மெல்ல உருவுங்கள். பட்டை உரிந்த இடத்தில் வெட்டுக்காயப் பசை தடவுங்கள். மேலோட்டமான தழும்பு கிளை பருக்கும்போது மறைந்துவிடும்.

நம் ஊர் வெயிலில் இச்சிக்கு இரண்டு மாதம் மிக அதிகம். வளர்ச்சிப் பருவத்தில் மூன்றாவது வாரத்திலிருந்தே வாரம் ஒருமுறை பாருங்கள். கிளை வேகமாகப் பருக்கும் இடம் தண்டை ஒட்டிய அடிப்பகுதி. கம்பி அங்கேதான் முதலில் அழுத்தும். கிளை இன்னும் நிலைக்கவில்லையென்றாலும் கம்பியை எடுத்துவிட்டு, பழைய தடத்தில் படாமல் மறுபடி கட்டலாம்.

அலுமினியக் கம்பிதான் வாங்க வேண்டும். கட்டட வேலைக்கான கட்டுக்கம்பி வேண்டாம், துருப்பிடிக்கும், முரட்டுத்தனமாகப் பட்டையை அறுக்கும். கம்பியின் பருமன் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு: 6 மி.மீ. கிளைக்கு 2 மி.மீ. கம்பி. கம்பியின் முனையால் கிளையைத் தள்ளிப் பார்த்தாலே தெரியும். கிளை வளைந்தால் கம்பி சரி. கம்பி வளைந்தால் அடுத்த பருமனுக்குப் போங்கள். நீளம் கிளையைப் போல ஒன்றரை மடங்கு.

ஒரே கம்பியால் பக்கத்துப் பக்கத்துக் கிளைகள் இரண்டைக் கட்டுவதுதான் முறை. நடுவே தண்டில் ஒன்றரைச் சுற்று விழ வேண்டும், அதுதான் பிடி. பிடி இல்லாமல் ஒரு கிளையை வளைத்தால் மற்றது ஆடும். சுற்று 45 பாகைச் சாய்வில், சீரான இடைவெளியில் போகட்டும். நெருக்கிச் சுற்றினால் வலுவாக இருக்கும் என்று நினைப்பது தவறு. ஸ்பிரிங் மாதிரி தளர்ந்துதான் நிற்கும். கம்பி பட்டையைத் தொட வேண்டும், நெரிக்கக் கூடாது. இலையையோ கணுவையோ கம்பிக்கு அடியில் மாட்டிவிடாதீர்கள். முதலில் தடித்த கம்பி, பிறகு மெல்லியது. தண்டு, கிளை, நுனி என்ற வரிசை.

வளைக்கும்போது இரண்டு கட்டைவிரல்களையும் வளைவின் உள்பக்கம் ஊன்றிக்கொள்ளுங்கள். மற்ற விரல்கள் வெளிப்பக்கம் கம்பியோடு சேர்த்துக் கிளையைத் தாங்கட்டும். வளைவின் வெளிப்பக்கத்தில் கட்டாயம் ஒரு கம்பிச் சுற்று இருக்க வேண்டும். நார் பிளப்பது அந்தப் பக்கம்தான். கொஞ்சம் வளைத்து, விட்டு, மறுபடி கொஞ்சம். மெல்லிதாக ‘டிக்’ என்று சத்தம் கேட்டாலோ, விரலடியில் கிளை சட்டென்று இளகினாலோ அதோடு நிறுத்திவிட வேண்டும். கிளையைத் தாழ்த்துவதென்றால் தண்டிலிருந்து கிளம்பும் இடத்திலேயே தாழ்த்துங்கள். நடுவில் வளைத்தால் வானவில் போல நிற்கும், வயதான மரத்தின் தோற்றம் வராது.

காகிதப்பூ கிளையை வளைக்கும்போது பாதி முறிந்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, சேலம்

அடிப்பக்கப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் முடியும். பிளவை உடனே பொருத்தி, ஒட்டுக்கட்டும் டேப்பால் இறுக்கிச் சுற்றி, ஒரு குச்சி வைத்துக் கட்டுங்கள். இரண்டு மாதம் அசைக்காதீர்கள். காகிதப்பூ முற்றிய பிறகு வளையாது, ஒடியும். பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும் பருவத்தில் கட்டுங்கள். முற்றிய கிளை வேண்டாம் என்றால் வளைக்க முயலாமல் வெட்டிப் புதுத் துளிர் வர விடுங்கள். காகிதப்பூவின் கட்டை மென்மையானது. பெரிய வெட்டில் நீர் இறங்கினால் உள்ளே அழுகும். பசை தடவாமல் விடாதீர்கள்.

எட்டு வயதுப் புளியங்கன்று தொட்டியில் இருக்கிறது. தண்டு மணிக்கட்டுப் பருமன், கம்பம் போல நேராக நிற்கிறது. வளைக்க வழி உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது புளிக்கு அப்படியே பொருந்தும். ஆனால் உங்களிடம் இருப்பது அருமையான மரம், அதை விடாதீர்கள். புளிக்குச் சிற்றிலை பிறவியிலேயே சிறிது. பட்டை சீக்கிரம் வெடித்து முதுமை காட்டும். வளைப்பதற்குப் பதில் வெட்டி வளர்க்க வேண்டும். சீனத்தின் குவாங்டாங் பகுதியில் லிங்னான் மரபினர் கம்பியை அதிகம் நம்பாமல் இப்படித்தான் மரத்துக்கு நெளிவு கொடுக்கிறார்கள்.

மாசி, பங்குனியில், மரம் நன்றாகத் துளிர்க்கும் நிலையில் இருக்கும்போது, மண்ணிலிருந்து தண்டுப் பருமனைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் வெட்டுங்கள். வெட்டு பின்பக்கம் சரிந்திருக்கட்டும். பசை தடவி, வெயிலிலேயே வையுங்கள். சில வாரங்களில் வெட்டுக்குக் கீழே பல துளிர் கிளம்பும். பக்கவாட்டில் சாய்ந்து போகும் ஒன்றைப் புதுத் தண்டாகத் தேர்ந்து, பச்சையாக இருக்கும்போதே கம்பியால் 45 பாகைக்குத் திருப்பிவிடுங்கள். காப்புக்கு இன்னொன்று இருக்கட்டும், மற்றதைக் கிள்ளிவிடலாம். பிறகு அதைத் தொடவே கூடாது. நான்கடி, ஐந்தடி போனாலும் போகட்டும். அது அடித்தண்டின் பருமனில் பாதிக்கு மேல் வந்த பிறகே அடுத்த வெட்டு. இந்த முறை முதல் துண்டைவிடக் குட்டையாக விட்டு, எதிர்ப்பக்கத் துளிரைத் தேர்வு செய்யுங்கள்.

பொறுமை இழந்து ஒரே வருடத்தில் நுனியை வெட்டுவதால்தான் பலருடைய புளி, பருத்த கட்டைமேல் ஈர்க்குச்சி செருகியது போல் இருக்கிறது. மூன்று வளைவு வர ஆறேழு வருடம் ஆகும். அதுவரை பெரிய தொட்டிதான். ஆழமில்லாத போன்சாய்த் தட்டுக்கு மாற்றினால் தண்டு பருப்பது நின்றுவிடும்.

மரத்தைப் பட்டினி போட்டுத்தானே குள்ளமாக்குகிறார்கள்? இது கொடுமை இல்லையா?
– வாசகர், புதுச்சேரி

பட்டினி போட்டால் மரம் குள்ளமாகாது, காய்ந்துபோகும். போன்சாய் சிறிதாக இருப்பது நுனியையும் வேரையும் அளவாக வெட்டுவதால். வேரை வெட்டும்போதெல்லாம் புதிய சல்லிவேர் விடும். மரம் இளமையாகவே இருக்கும். வாஷிங்டனில் உள்ள போன்சாய் அருங்காட்சியகத்தில், 1625ஆம் ஆண்டிலிருந்து பயிற்றப்பட்டு வரும் வெண்பைன் ஒன்று இருக்கிறது. 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அது அந்த நகரில்தான் இருந்தது. 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாக வந்தது. கவனிப்பு இல்லாமல் எந்தத் தொட்டி மரமும் இத்தனை தலைமுறை வாழாது.

இலை சிறிதாக வேண்டும் என்று இச்சியின் இலைகளை எல்லாம் கிள்ளினேன். அன்றைக்கே வேரை வெட்டித் தொட்டியும் மாற்றினேன். ஆறு வாரமாகத் துளிர் வரவில்லை.
– வாசகி, திருச்சி

இரண்டு பெரிய வேலையை ஒரே நாளில் செய்துவிட்டீர்கள். வெட்டிய வேர் மீண்டு வர இலை தயாரிக்கும் உணவு வேண்டும். கிள்ளிய இலை மறுபடி வர வேர் ஏற்றும் நீர் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இல்லையென்றால், தண்டில் சேர்த்து வைத்ததைத் தின்றுதான் மரம் பிழைக்க வேண்டும்.

கிளையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். அடியில் பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெளிச்சமான நிழலில் வைத்து, தெளிவான பாலிதீன் உறையால் தளர்வாக மூடுங்கள். இலை இல்லாத மரம் நீரை இழுக்காது. ஆகவே மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். இப்போது அதிகம் ஊற்றினால் வேர் அழுகும். உரம் அறவே வேண்டாம்.

இலை கிள்ளுவது உருவம் முடிந்த, வலுவான மரத்துக்கு மட்டும். வருடத்துக்கு ஒருமுறை, வெயில் காலத்தில். இலைக்காம்பை விட்டு இலையை மட்டும் கத்தரியுங்கள், காம்படியில்தான் புது மொட்டு இருக்கிறது. வடியும் பாலை ஈரத்துணியால் ஒற்றுங்கள். தண்டு பருக்க வேண்டிய இளமரத்தில் இலையைக் கிள்ளினால் ஒரு பருவ வளர்ச்சி போய்விடும். நிழலில் வைத்த மரத்தில் கிள்ளியும் பயனில்லை, புது இலையும் பெரிதாகவே வரும்.

காடு போல் அமைக்கும்போது ஏன் ஒற்றைப்படையில் நடச் சொல்கிறார்கள்?
– வாசகர், ஈரோடு

இரட்டைப்படையில் கண் தானாகவே மரங்களைச் சரிபாதியாகப் பிரித்துப் பார்க்கும். மரம் குறைவாக இருக்கும்வரை இது முக்கியம். பத்துக்கு மேல் போனால் எண்ணிக்கை கண்ணுக்குப் புலப்படாது. அமெரிக்கப் போன்சாய்க் கலைஞர் ஜான் நாகாவின் புகழ்பெற்ற ‘கோஷின்’ காட்டில் ஜுனிப்பர் என்ற ஊசியிலை மரங்கள் 11 இருக்கின்றன. எண்ணிக்கையைவிட, மூன்று தண்டுகள் ஒரே கோட்டில் வராமலும், முன்னிருந்து பார்த்தால் ஒன்றையொன்று மறைக்காமலும் நடுவதுதான் கடினம். உயரமான, பருத்த மரத்தை நடுவிலிருந்து சற்று விலக்கி முதலில் நடுங்கள்.

பயிற்சியில் ஆசிரியர் உருவம் கொடுத்துத் தந்த இச்சி இரண்டே மாதத்தில் புதர் மாதிரி ஆகிவிட்டது. எப்போது வெட்டலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

புதர் மாதிரி ஆனது நல்ல செய்தி, மரம் தேறிவிட்டது. முதலில் கம்பியைப் பாருங்கள். அழுத்தத் தொடங்கியிருந்தால் இன்றே வெட்டி எடுங்கள். அடுத்து, ஆசிரியர் முடித்த அன்று எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கவில்லையென்றால் அடுத்த முறை நான்கு பக்கமும் எடுங்கள்.

ஒவ்வொரு தளிரும் ஆறு முதல் எட்டு இலை விடும்வரை காத்திருந்து, இரண்டு இலைக்கு வெட்டுங்கள். கடைசியாக விடும் இலை எந்தப் பக்கம் நோக்குகிறதோ அந்தப் பக்கம்தான் அடுத்த துளிர் போகும். ஆகவே மேல்நோக்கிய இலையில் நிறுத்தாமல் பக்கவாட்டு இலையில் நிறுத்துங்கள். இச்சிக்கு உச்சியில் வேகம் அதிகம், கீழே குறைவு. உச்சித் தளிர்களை நாலு இலை வந்ததுமே வெட்டி, கீழ்க்கிளையைப் பத்து இலைவரை ஓடவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் கத்தரித்தால் மேலே அடர்ந்து, நிழல் விழுந்து, முதல் கிளை மெல்லக் காய்ந்துவிடும். அந்தக் கிளை போனால் அதே இடத்தில் இன்னொன்றை வரவழைக்க வருடக்கணக்காகும்.