படம் வருகிறது, சத்தம் எங்கே?

இந்த முறை வந்த கேள்விகளைப் பிரித்து அடுக்கியபோது எல்லாமே ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்தன. கணினியை எச்டிஎம்ஐ கேபிளில் புரொஜெக்டருடன் இணைத்தாயிற்று, திரையில் படம் பளிச்சென்று விழுகிறது, சத்தத்தைத்தான் காணவில்லை. தனித்தனியாக எழுதுவதைவிட ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

அரசுப் பள்ளி ஆசிரியை நான். பாடக் காணொளி திரையில் தெரிகிறது; சத்தமோ மடிக்கணினியிலேயே வருகிறது. கடைசி பெஞ்சுக்குக் கேட்பதில்லை. கடைக்காரர் கேபிளை மாற்றச் சொல்கிறார். வாங்கட்டுமா? – தேனி மாவட்டம்

இப்போதைக்கு வாங்க வேண்டாம். எச்டிஎம்ஐ கேபிளில் சத்தத்துக்கென்று தனிக் கம்பி கிடையாது. படத்தின் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடைவெளியில், படத்தைச் சுமக்கும் அதே கம்பிகளில்தான் ஒலியும் போகிறது. படம் சுத்தமாக வரும் கேபிளில் சத்தம் மட்டும் அறுந்துபோவது மிக அபூர்வம்.

விண்டோஸுக்குச் சத்தத்தை எந்த வழியாக அனுப்ப வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11 என்றால், வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் குறியை அழுத்துங்கள். ஒலி அளவுப் பட்டையின் வலப்பக்கத்தில் இருக்கும் சிறு குறியை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். மடிக்கணினியின் ஸ்பீக்கர் ஒரு வரியில் இருக்கும். இன்னொரு வரியில் உங்கள் புரொஜெக்டரின் மாடல் பெயரோ எண்ணோ இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-இல் பட்டைக்கு மேலே தெரியும் பெயரை அழுத்தினால் இதே பட்டியல் வரும். காணொளி ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் சில செயலிகள் பழைய ஸ்பீக்கரையே பிடித்துக்கொண்டிருக்கும். ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் பட்டியலைத் திறந்தேன். அதில் புரொஜெக்டர் பெயரே இல்லை. – சேலம்

இதற்குச் சற்று விளக்கம் தேவை. கேபிளைச் செருகிய கணமே கணினி எதிர்ப்பக்கத்திடம் ஜாதகம் கேட்கிறது. தொழிலில் இதை இடிஐடி என்பார்கள். எந்தத் தெளிவில் படம் காட்ட முடியும், ஒலி வாங்க முடியுமா, முடியும் என்றால் எத்தனை சேனல் (தனித்தனி ஒலித் தடம்) என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அதன் முதல் 128 பைட்டில் இருப்பது படத்தைப் பற்றிய சேதி. ஒலியைப் பற்றிய குறிப்பு அதற்குப் பின்னால் வரும் கூடுதல் பகுதியில்தான் இருக்கும். அந்தப் பகுதி வந்து சேரவில்லை என்றால், ‘இவருக்குக் காது கிடையாது’ என்று முடிவுகட்டி, கணினி அந்தப் பெயரைப் பட்டியலில் காட்டாமலே விட்டுவிடும். சத்தப் பிரச்சினை என்று என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை இந்த ஜாதகப் பிரச்சினைதான்.

முதலில் வழியைப் பாருங்கள். இடையில் எங்காவது நீல நிற விஜிஏ இணைப்பு இருக்கிறதா? அந்த 15 ஊசிகளில் ஒலிக்கு இடமே இல்லை. டிவிஐ இணைப்பும் படத்துக்காகவே உருவானது. வழி முழுவதும் எச்டிஎம்ஐ என்றால், கண்ட்ரோல் பேனலில் ‘சவுண்ட்’ பெட்டியைத் திறந்து, ‘பிளேபேக்’ பக்கத்தின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து, ‘ஷோ டிசேபிள்ட் டிவைசஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். யாரோ எப்போதோ முடக்கிவைத்த புரொஜெக்டர் சாம்பல் நிறத்தில் தலைகாட்டலாம்.

அங்கும் இல்லையா? டிரைவரை, அதாவது கருவியை இயக்கும் மென்பொருளைப் பாருங்கள். பலர் சத்தம் என்றதும் சவுண்ட் கார்டு டிரைவரை மறுபடி மறுபடி நிறுவிக் களைத்துப்போகிறார்கள். எச்டிஎம்ஐ ஒலியைக் கவனிப்பது கிராஃபிக்ஸ் சிப். இன்டெல், என்விடியா, ஏஎம்டி எதுவானாலும் அந்தக் கிராஃபிக்ஸ் டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து முழுமையாக நிறுவுங்கள். ஒலிக்கான டிரைவரும் கூடவே வந்துவிடும்.

எங்கள் கல்யாண மண்டபத்தில் ஸ்பிளிட்டர் வைத்து மேடைக்கு ஒரு புரொஜெக்டர், பந்திக் கூடத்துக்கு ஒரு டிவி, ஆபரேட்டர் மேசைக்கு ஒரு மானிட்டர் கொடுத்திருக்கிறோம். சில நாள் எல்லாம் சரியாக இருக்கிறது. சில நாள் சத்தமே இல்லை. – கும்பகோணம்

உங்கள் ஆபரேட்டர் மேசை மானிட்டரைக் கழற்றிவிட்டு ஒருமுறை கணினியை இணைத்துப் பாருங்கள். சத்தம் வந்துவிடும் என்று ஏறக்குறைய பந்தயமே கட்டுவேன்.

இது நான் பாடம் படித்த கதை. ஒரு வரவேற்பு நிகழ்ச்சிக்கு முந்தைய மாலை, இதே போன்ற ஓர் ஏற்பாட்டில் ஒரு மணி நேரம் போராடினேன். மூன்று கேபிள் மாற்றியாயிற்று, இரண்டு மடிக்கணினி மாற்றியாயிற்று. சீரியல் விளக்கு கட்ட வந்த பையன் தன் செல்போனுக்குச் சார்ஜ் போட இடம் தேடி, மேசைக்கு அடியில் இருந்த மானிட்டரின் பிளக்கை உருவினான். திரை ஒரு நொடி கறுத்து மீண்டது. அடுத்த கணம் நாகஸ்வரம் மண்டபம் முழுக்க அதிர்ந்தது. பையன் பயந்து பிளக்கைத் திரும்பச் செருகினான். சத்தம் போய்விட்டது. அவன் கையில் என் வயர் டெஸ்டரைவிட நல்ல கருவி இருந்தது.

ஸ்பிளிட்டர் ஒரு கல்யாணத் தரகர். அவரிடம் மூன்று ஜாதகம் இருக்கிறது. கணினியிடம் ஒன்றைத்தான் நீட்ட முடியும். சில ஸ்பிளிட்டர்கள் முதல் துளையில் மாட்டியவரின் ஜாதகத்தை அப்படியே நகலெடுத்துக் கொடுத்துவிடும். சில, மூவருக்கும் பொதுவானதை மட்டும் சேர்த்துப் புது ஜாதகம் எழுதும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லை. எனவே ‘ஒலி வேண்டாம்’ என்பது பொது முடிவாகிவிடும். எதை முதலில் ஆன் செய்தீர்கள் என்பதைப் பொறுத்துத் தரகர் யாருடைய ஜாதகத்தைப் படிக்கிறார் என்பது மாறலாம். சில நாள் சரி, சில நாள் இல்லை என்பதன் மர்மம் அதுதான்.

செலவில்லாத வழி: புரொஜெக்டரை ஸ்பிளிட்டரின் முதல் துளைக்கு மாற்றுங்கள், புரொஜெக்டர், டிவி, பிறகு ஸ்பிளிட்டர், கடைசியாகக் கணினி என்ற வரிசையில் ஆன் செய்யுங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால், இடிஐடியை நாமே தேர்ந்தெடுக்கும் சிறு சுவிட்ச் உள்ள ஸ்பிளிட்டர் வாங்கி, ஸ்டீரியோவில் நிறுத்திவிடுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், மண்டபத்தில் சத்தத்தை எச்டிஎம்ஐ வழியே அனுப்பவே வேண்டாம். ஐந்நூறு பேர் உட்காரும் இடத்தில் புரொஜெக்டர் ஸ்பீக்கரால் என்ன பயன்? கணினியில் ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு செருகி, அங்கிருந்து நேராக மண்டபத்தின் ஒலி மிக்சருக்குக் கொண்டுபோங்கள். படம் ஒரு வழி, சத்தம் ஒரு வழி. ஒன்று போனாலும் மற்றது தொடரும்.

‘பிளேபேக்’ பக்கத்தில் புரொஜெக்டருக்கு எதிரே பச்சைக் கோடுகள் ஏறி இறங்குகின்றன. ஆனால் சத்தம் இல்லை. – திருநெல்வேலி

கணினி தன் வேலையைச் செய்துவிட்டது. இனி புரொஜெக்டர் பக்கம் போங்கள். ரிமோட்டில் மியூட், ஒலி அளவு இரண்டையும் பாருங்கள். மெனுவில் ஒலி உள்ளீடு எச்டிஎம்ஐயில் இருக்கிறதா, பின்பக்கத்து 3.5 மி.மீ. துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பின்பக்கத்தையே ஒரு டார்ச் அடித்தும் பாருங்கள்: ஆடியோ அவுட் துளையில் யாரோ மறந்துவிட்டுப் போன ஜாக் ஒன்று செருகியிருந்தால் உள் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். புரொஜெக்டர் உயரத்தில் இருந்தால் ஏறிப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

எதுவும் இல்லையென்றால் ஒலி வடிவம். கணினி, பல ஸ்பீக்கர்களுக்கான 5.1 சேனலிலோ டால்பியிலோ அனுப்பினால் சாதாரண புரொஜெக்டருக்கு அது புரியாது. ஸ்டீரியோ, 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். சினிமா பிளேயரில் ‘பாஸ்த்ரூ’ என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். இன்னொன்று: உங்கள் மாடலில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். காது இருப்பதாக ஜாதகத்தில் எழுதிவிட்டு, வாய் இல்லாமல் வரும் புரொஜெக்டர்களும் உண்டு.

வீட்டில் புரொஜெக்டர் சத்தம் கொசு முனகல்போல் இருக்கிறது. பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் எச்டிஎம்ஐ துளை இல்லை. – கோவை

எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர் என்று கேளுங்கள். உள்ளங்கை அளவுப் பெட்டி. கணினிக்கும் புரொஜெக்டருக்கும் நடுவே மாட்டினால் படத்தை முன்னே அனுப்பிவிட்டு, சத்தத்தை மட்டும் தனியே பிரித்துத் தரும். அதன் பக்கவாட்டில் 2 சேனல், 5.1 சேனல், பாஸ் என்று மூன்று நிலைச் சுவிட்ச் இருந்தால் 2 சேனலில் வையுங்கள். ‘பாஸ்’ நிலையில் புரொஜெக்டரின் ஜாதகமே கணினிக்குப் போகும். அதில் காது இல்லையென்றால் எக்ஸ்ட்ராக்டரும் ஊமைதான்.

மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்தும் நேராக எடுக்கலாம். ஆனால் சார்ஜர் செருகியதும் ‘ம்ம்ம்’ என்று உறுமல் கிளம்பினால் அது எர்த் சுற்று, அதாவது இரு கருவிகளின் எர்த் இணைப்புகள் கேபிள் வழியே ஒரு வளையமாகிவிட்டன. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றைக் கேபிளின் நடுவே மாட்டுங்கள். பிளக்கின் எர்த் ஊசியை வெட்டினால் உறுமல் நிற்கும் என்று யாராவது யோசனை சொன்னால், அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். நின்றுபோவது உறுமல் மட்டுமாக இருக்காது.

மேக்புக்கில் சத்தம் வருகிறது. ஒலி அளவு விசைகள் வேலை செய்யவில்லை. – சென்னை

கோளாறு இல்லை. எச்டிஎம்ஐ வழியே போகும்போது மேக் ஒலி அளவைத் தன் கையில் வைத்துக்கொள்வதில்லை. புரொஜெக்டர் ரிமோட்டால் கூட்டிக் குறையுங்கள்.

சுவருக்குள் 15 மீட்டர் கேபிள் ஓட்டியிருக்கிறோம். சத்தம் விட்டு விட்டு வருகிறது. படத்திலும் வெள்ளைப் புள்ளிகள் மினுங்குகின்றன. – யாழ்ப்பாணம்

இங்கேதான் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். சாதாரண செம்புக் கேபிளுக்கு இந்த நீளம் அதிகம். கணினியில் படத்தின் தெளிவையும், நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற ஹெர்ட்ஸ் எண்ணையும் குறைத்துப் பாருங்கள். புள்ளிகள் மறைந்து சத்தமும் நிலைத்தால் குற்றவாளி உறுதி. ஆப்டிக் இழையில் இயங்கும் ஆக்டிவ் எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள். அதற்குத் திசை உண்டு. ‘சோர்ஸ்’ என்று எழுதிய முனை கணினிக்கு, ‘டிஸ்பிளே’ என்று எழுதிய முனை புரொஜெக்டருக்கு. சுவரைப் பூசிய பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஜூம் கூட்டத்தில் மட்டும் சத்தம் புரொஜெக்டருக்குப் போகவில்லை. யூடியூப் சரியாக இருக்கிறது. – மதுரை

ஜூம் தனக்கென்று ஒரு ஸ்பீக்கர் தேர்வு வைத்திருக்கிறது. மைக் குறிக்குப் பக்கத்தில் உள்ள அம்பை அழுத்தி அங்கேயும் மாற்றுங்கள்.

விநாடி வினாவில் மணி ஒலியை அடிக்கிறோம். ‘டிங்’ கேட்பதில்லை, ‘ங்’ மட்டும் கேட்கிறது. – திருச்சி

சத்தம் இல்லாத நேரத்தில் எச்டிஎம்ஐ ஒலி வழி தூங்கிவிடுகிறது. மணி அடித்ததும் விழித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவதற்குள் முதல் அரை நொடி போய்விடுகிறது. மணி ஒலிக்கோப்பின் தொடக்கத்தில் இரண்டு நொடி மௌனம் சேர்த்தால் ‘டிங்’ முழுதாகக் கேட்கும், ஆனால் தாமதமாகும். வினாடி வினாவுக்கு அது உதவாது. நிகழ்ச்சி முழுக்கப் பின்னணியில், காதுக்கு எட்டாத அளவில் ஏதாவது ஓர் ஒலிக்கோப்பை ஓடவிடுங்கள். தூங்க விடாமல் வைத்திருந்தால் முதல் மணியும் முழுதாக வரும்.