ஹாகி கோப்பை கசிந்தால் அது பழுதா?

கேள்வி இதுதான்: ஜப்பானில் வாங்கிய ஹாகி தேநீர்க் கோப்பை, உள்ளே வலை பின்னினாற்போல் மெல்லிய கோடுகள், தேநீர் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் அடியில் ஈரம். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் இது பழுதே இல்லை.

ஹாகி, யமகுச்சி மாகாணத்தில் கடலோரத்து ஊர். 1592–98இல் ஜப்பான் கொரியா மீது படையெடுத்தபோது அங்கிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்கள் வழியாக வந்த தொழில் இது. இதற்குப் பயன்படும் மண்தான் உங்கள் கசிவுக்குக் காரணம். 'தைதோ' என்ற மணல் கலந்த வெளிர்மண், சூளையில் வெந்த பிறகும் முழுதாக இறுகாது. நுண்துளைகள் அப்படியே நிற்கும். மேலே பூசும் கண்ணாடி போன்ற மெருகு, ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமும் மரச்சாம்பலும் கலந்தது. பால்வெள்ளை நிறம் வேண்டுமென்றால் வைக்கோல் சாம்பல் சேர்ப்பார்கள். சூளை ஆறும்போது மண்ணைவிட மெருகு கூடுதலாகச் சுருங்கும். இழுபட்டுத் தாங்காமல் வெடிக்கும். அந்தக் கோடுகளுக்கு ஜப்பானியப் பெயர் 'கன்ன்யூ'. தேநீர் அதற்குள் ஊறி ஊறிக் கோப்பையின் நிறம் வருஷக்கணக்கில் மாறும். 'ஹாகியின் ஏழு மாற்றங்கள்' என்று ரசிகர்கள் கொண்டாடுவது இதைத்தான்.

உண்மையான விரிசலா என்று பார்க்க, நன்றாகக் காய்ந்த கோப்பையில் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். அடி முழுக்கப் பரவலாக வியர்த்தால் துளைக்கசிவு. ஒரே கோட்டில் நீர் இறங்கி, அதே இடத்தில் உள்ளேயும் வெளியேயும் நகம் தட்டுப்பட்டால் விரிசல். அதைத் திருப்பிக் கொடுங்கள். சுண்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நல்ல ஹாகியும் மந்தமாகத்தான் ஒலிக்கும்.

துளைக்கசிவுக்கு வைத்தியம், புது மண்சட்டியைப் பழக்குவது போலத்தான். பாத்திரத்தின் அடியில் ஒரு துணி விரித்துக் கோப்பையை வைத்து, மூழ்கும்வரை கெட்டியான அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றுங்கள். அது இல்லையென்றால் லிட்டருக்கு 2 மேசைக்கரண்டி அரிசிமாவு. பச்சைத் தண்ணீரிலேயே தொடங்க வேண்டும். கொதிநீரில் போட்டால் கோப்பை விண்டுவிடும். சிறுதீயில் 20 நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து, அந்த நீரிலேயே முழுக்க ஆறவிடுங்கள். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஆறும்போதுதான் மாவு துளைக்குள் கெட்டிப்படும். கழுவி, இரண்டு மூன்று நாள் காற்றாட வையுங்கள். இன்னும் கசிந்தால் மறுபடி ஒரு முறை.

காயவைப்பதில் மட்டும் சோம்பல் கூடாது. கோப்பையின் காலில், அதாவது அடி வளையத்தில், மெருகு இருக்காது, ஈரம் அங்கேதான் தங்கும். மேல்பக்கம் காய்ந்ததை நம்பிப் பெட்டியில் மூடினால், துளைக்குள் இருக்கும் மாவே பூஞ்சைக்குத் தீனி. பூத்துவிட்டால் வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்து வெயிலில் உலர்த்துங்கள். ப்ளீச் வேண்டாம், அதுவும் ஊறித் தங்கிவிடும். மைக்ரோவேவும் கூடாது.

தினமும் தேநீர் ஊற்றுமுன் வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுங்கள். துளைகள் முதலில் நல்ல தண்ணீரைக் குடித்துக்கொண்டால் கறை திட்டுத்திட்டாகப் படியாது.

பால் டீ மட்டும் இதில் வேண்டவே வேண்டாம். உள்ளே போன பால் புளித்தால் அந்த வாடை லேசில் போகாது. அதற்கு ஜப்பானின் அரிதா என்ற ஊரில் செய்யும் பீங்கான் வாங்குங்கள். அது நீர் உறிஞ்சாது, பழக்கவும் தேவையில்லை.