வாசகர் கேள்விகள்: நெடுந்தீவை நடந்தே பார்க்கலாமா?

யாழ்ப்பாணத் தீவுப்பகுதி பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நெடுந்தீவைப் பற்றித்தான். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, மாசி மாதம் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் வருகிறோம். நெடுந்தீவுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். தீவு முழுவதையும் நடந்தே சுற்ற முடியுமா? அங்கே போய் வந்த நண்பர், ஆட்டோ பிடித்தால் மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிடுவார்கள் என்கிறார்.
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

முழுவதையும் நடக்க முடியாது. சிறிய தீவு என்று சொல்வது படத்தில் பார்க்கும்போதுதான். நீளம் ஏறத்தாழ 8 கிலோமீற்றர், அகலம் கூடிய இடத்தில் 6. பரப்பு 50 சதுர கிலோமீற்றர் அளவில் வரும். காலைப் படகில் போய் பின்னேரப் படகில் திரும்புகிறவருக்கு இடையில் கிடைப்பது சில மணித்தியாலங்கள்தான். அதிலும் நடுப்பகல் வெயில்.

உங்கள் நண்பர் சொன்ன மூன்று மணிநேரச் சுற்றும் பொய்யில்லை. கோட்டை, பெருக்கமரம் (பாவோபாப்), புறாக்கூடு, வளரும் கல், பெரிய காலடி, குதிரை என்று ஒவ்வொன்றிலும் இறக்கி, படம் எடுக்கவிட்டு, ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அது அவர்கள் பிழைப்பு. ஆனால் அப்படிப் போனவர்களிடம் நெடுந்தீவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒரு மரமும் ஒரு கல்லும் என்பார்கள். அங்கே பார்க்க வேண்டியது அந்த இடங்களுக்கு நடுவில் இருக்கிறது. அதுதான் வேலி.

யாழ்ப்பாணத்தில் மற்ற இடங்களில் கிடுகு வேலி, பனையோலை வேலி, கிளுவை வேலி பார்த்திருப்பீர்கள். நெடுந்தீவில் வேலி என்றால் கல். முருகைக் கல்லை, அதாவது பவளக் கல்லை, சாந்து இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வீட்டு வளவு, தோட்டம், பனங்காணி, ஒழுங்கை எல்லாவற்றையும் மறித்திருக்கிறார்கள். தீவில் மண் மெல்லிய படைதான், கிண்டினால் கல். தோட்டம் செய்ய வேண்டுமானால் முதலில் கல்லைப் பொறுக்கி எங்காவது வைத்தாக வேண்டும். அதை எல்லையிலே அடுக்கினால் மாடும் ஆடும் குதிரையும் உள்ளே வராது, ஓலை வேலி மாதிரி வருடாவருடம் அடைக்கவும் தேவையில்லை. கல்லுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் பெருங்காற்று அடித்தாலும் ஊடுருவிப் போய்விடும். கிட்டே போய்ப் பாருங்கள், சில கற்களில் மூளை மடிப்பு மாதிரி வரிகள் தெரியும். ஒரு காலம் கடலுக்கடியில் உயிரோடு இருந்த முருகை அது. ஓட்டோவில் போகிறவருக்கு இதெல்லாம் சாம்பல் நிறக் கோடாக ஓடி மறையும்.

ஆகவே என் யோசனை இதுதான். மாவிலித்துறையில் இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடமே கேளுங்கள். இணையத்தில் பார்த்த நேரத்தை நம்ப வேண்டாம். பிறகு வைத்தியசாலைப் பக்கம் நடவுங்கள். அதன் பின்னால் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைக்குப் போனது என்பார்கள். மிச்சம் இருப்பது தடித்த முருகைக்கல் சுவர்கள்தான். யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இதுதான் பிடிக்கும், கடல் பக்கத்திலேயே இருப்பதால். பக்கத்தில்தான் புறாக்கூடு, தூது போகும் புறாக்கள் வளர்த்த மாடம். பெருக்கமரமும் நடந்து போகக்கூடிய தூரம்தான். ஆபிரிக்காவிலிருந்து அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அடிமரம் கோறை, பிள்ளைகள் உள்ளே போய் நிற்பார்கள்.

குதிரைகள் மேயும் தெற்கு வெளிக்கு மட்டும் வாகனம் பிடியுங்கள். ஓட்டோவோ லான்ட்மாஸ்டரோ (பெட்டி பூட்டிய இரு சில்லு உழவு இயந்திரம்), எது கிடைத்தாலும் சரி. போகும்போது ஏறிப் போங்கள், வரும்போது பாதி வழியில் இறங்கி ஒழுங்கைகளுக்குள்ளால் நடந்து வாருங்கள். வழி தவறினால் பயப்பட வேண்டாம், யாராவது ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து "எங்க போறியள்?" என்று கேட்பார். அப்புறம் அவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் படகு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சப்பாத்து போடுங்கள். ரப்பர் செருப்பு முருகைக்கல்லில் அரை நாள் தாங்காது. தண்ணீர் தாராளமாகக் கொண்டு போங்கள்.

எனக்குப் படகில் தலை சுற்றும். அம்மாவுக்கு நெடுந்தீவைப் பார்க்க ஆசை. படகு புறப்படும் குறிகட்டுவான் துறையிலிருந்து எவ்வளவு நேரம் எடுக்கும்? பயமில்லையா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், படகையும் காற்றையும் பொறுத்தது. பிள்ளை, நீங்கள் கேட்க வேண்டியது எந்தப் படகு என்று அல்ல, எந்த மாதம் என்று. மாசி, பங்குனியில் கடல் பெரும்பாலும் குளம் மாதிரிக் கிடக்கும். வைகாசிக்குப் பிறகு சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பினால் அதே தூரம் வேறு கடல். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் மழையும். அந்த நாட்களில் படகு ஓடாமல் விடுவதும் உண்டு, ஊர்ச்சனமே துறையில் காத்திருக்கும்.

படகின் கீழ்த்தட்டு இருக்கைக்கு ஆசைப்படாதீர்கள். நிழல்தான், ஆனால் டீசல் மணமும் சனநெரிசலும் சேர்ந்து தலைசுற்று இல்லாதவருக்கும் சுற்றும். காற்றுப் படும் இடத்தில், படகின் நடுப்பகுதியில் இருந்துகொண்டு, அடிவானத்தைப் பாருங்கள். காலையில் வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. ஒரு துண்டு பாணும் பிளேன்ரீயும் போதும். உயிர்காப்பு அங்கி தந்தால் மடியில் வைத்திராமல் போடுங்கள்.

அம்மாவுக்கு நடை கஷ்டம் என்றால், அதே குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகலாம். கால் மணி அளவுப் பயணம். நாகபூசணி அம்மன் கோயில் இறங்குதுறைக்கு முன்னாலேயே இருக்கிறது, நாகவிகாரை சற்றுத் தள்ளி. ஆனால் அவர் நெடுந்தீவு என்று சொல்லியிருந்தால் நெடுந்தீவுக்கே கூட்டிக்கொண்டு போங்கள். வயதானவர்கள் கேட்டதற்கு ஈடாக வேறொன்றைக் கொடுத்துச் சமாளிப்பது நம்மவர் வழக்கம். எனக்குச் சம்மதமில்லை.

நெடுந்தீவுக் குதிரைகள் காட்டுக் குதிரைகளா? பிள்ளைகள் ஏறிப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், வவுனியா

ஏற முடியாது, கிட்டேயும் போக வேண்டாம். பழக்கமில்லாத மட்டக்குதிரைகள், உதைத்தால் பல்லுப் போகும். அவை காட்டில் தோன்றியவையும் அல்ல. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் இங்கே குதிரை வளர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானியப் படை அதிகாரி தீவை நிர்வகித்தபோதும் அந்த வளர்ப்பு நடந்தது. லாயங்களின் கல்தூண்கள் இன்னும் நிற்கின்றன. பிறகு கேட்பார் இல்லாமல் போக, விடப்பட்ட குதிரைகள் வெளியில் பெருகின. 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஆனால் குதிரைக்குத் தேவை அறிவிப்புப் பலகை இல்லை, ஆவணி மாதத்தில் தண்ணீர். குளங்கள் வற்றி, தாகத்தில் குதிரைகள் செத்த செய்திகள் வந்திருக்கின்றன. சில வருடங்களில் ஊர்க்காரர்கள் தங்களுக்கே தட்டுப்பாடான தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி வைத்தார்கள்.

நல்ல படம் வேண்டுமா? வெயில் சாய்ந்த பிறகு வெளியில் தூரத்தில் இருந்து எடுங்கள். பாண், பிஸ்கற் ஒன்றும் கொடுக்காதீர்கள்.

பெரிய காலடி உண்மையிலேயே மனிதக் காலடியா?
– ஒரு மாணவன், சாவகச்சேரி

இல்லை, தம்பி. பாறையில் இயற்கையாக விழுந்த பள்ளம். அந்தக் கல்லைப் பார்க்கக் கிளம்புவதை விட, மேற்குப் பக்கத்தில் வெடியரசன் கோட்டை என்று சொல்லும் இடத்துக்குப் போய்ப் பார். அங்கே இருப்பவை பழைய பௌத்த தூபிகளின் அடித்தளங்கள் என்கிறார்கள் தொல்லியலாளர்கள். ஊர்க்கதையோ வேறு. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடிக் கப்பலில் வந்த மீகாமனை வெடியரசன் மறித்துச் சண்டை பிடித்தானாம். உங்கள் அம்மம்மாவிடம் கேள், அவருக்குத் தெரிந்தால் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

நெடுந்தீவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் குதிரையும் மரமும் என்றே எழுதுகிறீர்கள். குமுதினியை ஏன் சொல்வதில்லை?
– ஒரு வாசகர், ரொறன்ரோ

கேட்டது நியாயம். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பிள்ளைகள் உட்பட 20 பேருக்கு மேல் அதிலே கொல்லப்பட்டார்கள். அந்தப் படகைப் பின்னர் திருத்தி மறுபடி சேவையில் விட்டார்கள். ஊருக்கு வேறு வழி இல்லை, வைத்தியத்துக்கும் சந்தைக்கும் கந்தோருக்கும் அதில்தான் ஏற வேண்டும். மாவிலித்துறையில் நினைவுத்தூபி இருக்கிறது, வருடந்தோறும் விளக்கேற்றுகிறார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் படகை விட்டு இறங்கியதும் ஓட்டோக்காரரோடு விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் இங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

நெடுந்தீவில் ஒரு இரவு தங்கலாமா?
– இரு வாசகர்கள், ஒரே கேள்வி

தங்கலாம், சில விடுதிகள் இருக்கின்றன. முன்கூட்டியே தொலைபேசியில் பேசி, சாப்பாட்டையும் சொல்லி வையுங்கள். சொல்லாமல் போனால் மீன் இருக்காது. நடக்கத்தான் போகிறீர்கள் என்றால் தங்குவது நல்லது. மூன்று மணிக்குப் பிறகுதான் அங்கே நடக்கக்கூடிய வெயில், அந்த நேரத்தில்தான் மற்றவர்கள் எல்லோரும் படகுக்கு ஓடுகிறார்கள்.