பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

அமெரிக்காவில் 1940, 50களின் டிராக்டர்களை வாங்கித் தட்டிக்கொட்டி ஓட்டும் நம்மவர்கள் சிலர், அவற்றில் மாட்டும் விதைப்பான்களைப் பற்றிக் கேட்டவை இவை. வந்த படங்களில் பாதி, பெயின்ட் அடித்த பிறகு எடுத்தவை. அடுத்த முறை அதற்கு முன்பே எடுத்து அனுப்புங்கள். வார்ப்பில் இருக்கும் எழுத்தெல்லாம் பெயின்டுக்கு அடியில் போய்விடுகிறது.

கேள்வி: ஐயா, ஏலத்தில் ஒரு சிவப்பு விதைப்பெட்டி கிடைத்தது. என்னிடம் இருக்கும் ஃபார்மால் கப் டிராக்டருக்கு உரியது என்றார் விற்றவர். நம்பலாமா?

பதில்: சிவப்பு பெயின்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும், தம்பி. கப் 1947 முதல் 1979 வரை வந்த வண்டி. கையில் கிடைத்ததையெல்லாம் அதில் மாட்டிப் பார்த்தவர்கள் ஏராளம். பெட்டியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். விதையைக் குழிகளில் ஏந்திச் சுழலும் தட்டு தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறதா, சாய்ந்து நிற்கிறதா? சாய்ந்திருந்தால், வட கரோலினாவின் சார்லட் நகரில் 1900இல் தொடங்கிய கோல் நிறுவனத்தின் வகையாக இருக்கலாம். சாய்ந்த தட்டு விதையைக் குவியலிலிருந்து மேலே தூக்கிச் செல்லும். கூடுதலாக ஒட்டிய விதை தானாகவே சரிந்து விழுந்துவிடும். நிலக்கடலைப் பருப்பு உடையாமல் போவதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

கேள்வி: படுத்த தட்டுதான் ஐயா. மக்காச்சோளம் பாதிக்குப் பாதி உடைந்து விழுகிறது.

பதில்: தட்டுக்கு மேலே ஒரு சின்ன வார்ப்புக் கூடு இருக்கும். அதற்குள் ஸ்பிரிங் வைத்த இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று, குழிக்கு மேலே துருத்தும் விதையை வழித்துத் தள்ளும். மற்றது, குழிக்குள் உட்கார்ந்த விதையைக் கீழே குழாய்க்குள் தட்டிவிடும். நாற்பது வருடத் தூசியும் துருவும் சேர்ந்து முதலாவது உறுப்பு இறுகிப்போயிருந்தால், வழிப்பதற்குப் பதிலாக விதையைத் தறித்துவிடும். விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் உள்ளே போக வேண்டும், விட்டவுடன் திரும்பி வர வேண்டும். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவையுங்கள்.

அதுவும் சரியாக இருந்தால் தட்டின்மேல்தான் சந்தேகம். விதை படுத்து உட்காரும் தட்டு ஒரு வகை, விளிம்பில் நிற்கும் தட்டு வேறு வகை. தட்டையான விதைக்கும் உருண்டை விதைக்கும் தனித்தனித் தட்டு வேண்டும். மெல்லிய தட்டாக இருந்தால் அடியில் ஒரு வளையம் போட வேண்டும். அந்த வளையம்தான் முதலில் தொலையும். நானே ஒருமுறை குழிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆறு தட்டுகள் வாங்கினேன். ஒன்றுகூட உட்காரவில்லை. இப்போது அவை தோட்டத்தில் பூந்தொட்டிகளுக்கு அடியில் இருக்கின்றன.

கேள்வி: எத்தனை அங்குலத்துக்கு ஒரு விதை விழும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையேடு இல்லை.

பதில்: கையேடு வேண்டாம், ஒரு சாக்பீஸ் போதும். தட்டில் ஓர் இடத்தில் கோடு போடுங்கள். விதைப்பானை ஓட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றி, அந்தக் கோடு புறப்பட்ட இடத்துக்கே வர எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணுங்கள். சக்கரத்தின் சுற்றளவு 60 அங்குலம், இரண்டு சுற்று, தட்டில் 16 குழிகள் என்றால், 120ஐ 16ஆல் வகுக்க ஏழரை அங்குலம். இடைவெளி பிடிக்கவில்லை என்றால் செயின் ஓடும் பல்சக்கரத்தை மாற்றுங்கள். வேகமாக ஓட்டினால் கணக்கெல்லாம் வீண். மணிக்கு 5 கிலோமீட்டரைத் தாண்டாதீர்கள்.

கேள்வி: செயின் அடிக்கடி கழன்றுவிடுகிறது. கொக்கி கொக்கியாக இருக்கும் செயின்.

பதில்: கையாலேயே கழற்றிக் கோக்கும் செயின் அது. கொக்கிப் பக்கம் ஓடும் திசையில் முன்னே போக வேண்டும். கொக்கியின் வாய் பல்சக்கரத்தைப் பார்க்காமல் வெளியே பார்க்க வேண்டும். திருப்பி மாட்டியிருப்பீர்கள். புதிதாக வாங்குவதென்றால் பத்துக் கண்ணியை நீட்டி அளந்துகொள்ளுங்கள். பதினொன்றரை அங்குலம் வந்தால் அது 32ஆம் எண் செயின். தேய்ந்த செயின் சற்று நீண்டு காட்டும்.

கேள்வி: அண்ணா, பெட்டியின் பக்கவாட்டில் கவை போல ஒரு நெம்புகோல் துருத்துகிறது. எதனோடும் இணையவில்லை. அறுத்து எடுத்துவிடலாமா?

பதில்: ஐயோ, வேண்டாம் அம்மா! அது கட்டம் கட்டமாக விதைக்கும் காலத்தின் மிச்சம். வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முடிச்சுப் போட்ட கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். பெரும்பாலும் 40 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. கம்பி அந்தக் கவை வழியாக ஓடும். முடிச்சு வந்து தட்டியதும் கொழுவுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னக் கதவு திறந்து இரண்டு மூன்று விதைகளை ஒன்றாக விடும். அருகருகே உள்ள சால்களிலும் இப்படிச் சேர்ந்து விழுந்த விதைக் குத்துகள் நேர்க்கோட்டில் அமைவதால், களை எடுக்கக் குறுக்கிலும் கலப்பை ஓட்டலாம். அந்த 40 அங்குலம், வரிசைக்கு இடையே குதிரை நடக்கத் தேவைப்பட்ட அகலம். களைக்கொல்லி வந்ததும் கம்பி போய்விட்டது.

விதைக்குழாயின் அடியில் விரலை விட்டுப் பாருங்கள். அந்தக் கதவு இன்னும் இருக்கிறதா என்று எழுதுங்கள். இருந்தால் ஒரு படமும் அனுப்புங்கள்.