ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது, ஹெட்போனில் மட்டும் வரவில்லை. மதர்போர்டு மாற்ற வேண்டுமா?

வேண்டாங்க. நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. டெஸ்க்டாப்பின் பின்பக்கம் மாட்டிய ஸ்பீக்கர் பாடுகிறது, இதே ஹெட்போன் மொபைலிலும் பாடுகிறது, கேபினட்டின் முன்பக்க ஓட்டையில் செருகினால் மட்டும் மூச்சு இல்லை. அப்படியென்றால் போர்டில் இருக்கும் சவுண்ட் சிப்பும் சரி, ஹெட்போனும் சரி, கோளாறு இரண்டுக்கும் நடுவில்தான் எங்கேயோ இருக்கிறது. கடைக்காரர் போர்டையே மாற்றச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அந்தக் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர்கள் பாதி நாள் சரக்கு வாங்குகிற பையரோடு வீடியோ காலில்தான் இருப்பார்கள், அதனால் "ஏனுங்க, போன்ல போட்டா பாடுதுங்க, இதுல மட்டும் கம்முனு கெடக்குதுங்க" என்று யாராவது வந்து நிற்பது சாதாரணம். அதற்குள் யாரோ சொன்னார்கள் என்று டிரைவரை, அதாவது சவுண்ட் சிப்பை விண்டோஸ் இயக்க உதவுகிற மென்பொருளை, எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டும் பார்த்திருப்பார்கள். டிரைவர் கடைசிங்க.

முதலில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி, அதே பின்பக்கப் பச்சை ஓட்டையில் ஹெட்போனைச் செருகுங்கள். ரோஸ் மைக்குக்கு, நீலம் உள்ளே வரும் ஒலிக்கு. மேஜைக்கு அடியில் இருட்டில் குனிந்துகொண்டு ரோஸில் செருகிவிட்டு வரவில்லை என்று சொல்கிறவர்கள் நிறைய, டார்ச் அடித்தே பாருங்கள். பின்பக்கம் சத்தம் வந்துவிட்டால் முன்பக்கம்தான் குற்றவாளி, விண்டோஸை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

அந்த முன்பக்க ஓட்டையை டார்ச் வைத்து உள்ளே பாருங்கள். எங்கள் ஊரில் பாதிக்குப் பாதி அங்கேதான் விஷயம். கட்டிங், செக்கிங் பக்கம் பறக்கிற பஞ்சு ஆபீஸ் ரூமுக்குள்ளும் வந்துவிடும், மூன்றரை மில்லிமீட்டர் ஓட்டையில் போய் உட்காரும். ஒவ்வொரு தடவை ஹெட்போன் பின்னைச் செருகும்போதும் அது இன்னும் ஆழமாக அமுங்கி, கடைசியில் கெட்டியான சாம்பல் நிறத் திரியாக அடியில் நின்றுவிடும். அப்புறம் ஹெட்போன் பின் முழுதாக உள்ளே போகாது. 'டக்'கென்று கடைசியாக ஒரு பிடிப்பு கிடைக்க வேண்டும், அது கிடைக்காமல் மெத்தென்று நின்றால் பஞ்சுதான். சில சமயம் ஒரு காதில் மட்டும் வரும், இல்லையென்றால் பாட்டில் வாத்தியம் மட்டும் கேட்டுப் பாடகர் குரல் காணாமல் போயிருக்கும், பின் சரியாக உட்காரவில்லை என்பதற்கு இதுவும் அடையாளம்.

எடுப்பதற்கு கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பவர் ஒயரையும் கழற்றிவிட்டு, பல் குத்துகிற மரக்குச்சியின் நுனியால் ஓரமாகச் சுரண்டி வெளியே இழுங்கள். ஊக்கு, குண்டூசி வேண்டாம், உள்ளே இருக்கிற தகடு வளைந்தால் உண்மையிலேயே செலவுதான். தையல் மெஷினைச் சுத்தம் செய்கிற ஏர் கன்னையும் கொண்டுவராதீர்கள், கம்ப்ரெஸர் காற்றோடு தண்ணீரும் சேர்ந்து வரும்.

பஞ்சு இல்லையா? கேபினட்டின் பக்கவாட்டு மூடியைத் திறங்கள். முன்பக்க ஓட்டையிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் போர்டுக்கு வரும், அதன் முனையில் ஹெச்டி ஆடியோ என்று எழுதியிருக்கும். பழைய கேபினட்டில் ஏசி 97 என்று இன்னொரு முனையும் தொங்கும், அது பழைய முறை, வேண்டாம். அசெம்பிள் செய்தவர் இதைப் போர்டில் மாட்டாமலே விட்டிருப்பது நடக்கிற கதைதான், முன்பக்கம் புதிதிலிருந்தே வேலை செய்ததில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். போர்டில் மாட்டுகிற இடத்தில் ஒரு ஊசியின் இடம் காலியாக இருக்கும், அதைப் பார்த்துச் செருகினால் தலைகீழாகப் போகாது. ஒயரும் சரியாக இருந்தால் ரியல்டெக் (சவுண்ட் சிப் கம்பெனி) செட்டிங்கில் முன்பக்க ஜாக்கை, அதாவது அந்த ஓட்டையை, கண்டறிவதை நிறுத்தச் சொல்லி ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள்.

பின்பக்கமும் ஹெட்போன் பேசவில்லை என்றால் அப்புறம்தான் விண்டோஸ். விண்டோஸ் 10 என்றால் டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்தால், சத்தம் எந்தச் சாதனத்துக்குப் போகிறது என்று மேலே பெயர் வரும். ஹெச்டிஎம்ஐ ஒயரில் மானிட்டர் மாட்டியிருந்தால், ஸ்பீக்கரே இல்லாத அந்த மானிட்டருக்கு விண்டோஸ் பாட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். பெயருக்குப் பக்கத்து அம்புக்குறியைத் தட்டி மாற்றுங்கள், விண்டோஸ் 11 என்றால் சத்தப் பட்டைக்குப் பக்கத்துக் குறியைத் தட்டினால் சாதனங்களின் பட்டியல் வரும். கன்ட்ரோல் பேனலில் சவுண்ட், அதில் பிளேபேக் பகுதிக்கும் போங்கள், பாட்டு ஓடும்போது சாதனத்துக்குப் பக்கத்தில் பச்சைக் கட்டங்கள் ஏறி இறங்கும். ஹெட்போனுக்கு நேரே கட்டம் ஆடுகிறது, காதில் ஒன்றும் இல்லை என்றால் விண்டோஸ் தன் வேலையைச் செய்துவிட்டது, ஒயர் பக்கம் திரும்புங்கள். கட்டமே ஆடவில்லை என்றால் பிரவுசர் டேப் மியூட்டில் இருக்கிறதா, வால்யூம் மிக்ஸரில் அந்த ஆப் மட்டும் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லாவிட்டால்தான் டிரைவர், அதையும் போர்டு கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

புளூடூத் ஹெட்போனாக இருந்தால் முதலில் மொபைலில் புளூடூத்தை அணையுங்கள், பெரும்பாலும் அதுதான் பிடித்து வைத்திருக்கும்.

முன்பக்க ஓட்டை நிஜமாகவே உடைந்திருந்தாலும் போர்டு மாற்ற வேண்டியதில்லை. யுஎஸ்பி சவுண்ட் கார்டு என்று கட்டைவிரல் அளவில் ஒன்று வரும், கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம் கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டுப் பாருங்கள், சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒற்றைப் பின்னில் மைக்கும் சேர்ந்த ஹெட்செட் உங்களுடையது என்றால் ஒரே ஓட்டை உள்ளதாகவே வாங்குங்கள், இரண்டு ஓட்டை உள்ளதில் மைக் வேலை செய்ய தனியாக ஒரு பிரிப்பான் ஒயர் தேவைப்படும்.