கொள்கை டியூட்டி சார்ட் வரைக்கும் இறங்கணும்: கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, கம்பெனி பிளான்னா மார்க்கெட், லாபம் இதுதானே, இதுல ஒருத்தரோட சொந்தக் கொள்கைக்கு என்ன வேலை?

பதில்: மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய எடுத்துக்கோங்க தம்பி. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி கவர்மென்ட் வேலைல ரிட்டையர் ஆகி 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சாரு. மூட்டுவாதத்துல விரலெல்லாம் கோணிப்போயும் அந்தக் கையாலயே ஆபரேஷன் பண்ணிப் பழகின மனுஷன். காசில்லாததால யாரும் பார்வை இல்லாம இருக்கக் கூடாதுன்னு நினைச்சாரு, பிளானே அதுலேர்ந்துதான் வந்துச்சு, பணம் கட்டறவங்க கட்டட்டும், அந்த வருமானத்துல மத்தவங்களுக்கு இலவசமாப் பண்ணலாம்னு.

கேள்வி: தினசரி வேலைல அது எங்க சார் தெரியும்?

பதில்: டியூட்டி சார்ட்ல தெரியும். காசு கட்டறவங்களுக்குப் பாக்கற டாக்டருங்கதான் இலவசப் பக்கமும் மாறி மாறிப் பாக்கறாங்க. ஒரு சர்ஜன் ஒரு டேபிள்ல முடிக்கறதுக்குள்ள பக்கத்து டேபிள்ல அடுத்த ஆள் ரெடி, ரெடி பண்றது கிராமத்துலேர்ந்து எடுத்து ட்ரெயினிங் குடுத்த பொண்ணுங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது, கிராமத்துக்கே போய் கண்ணப் பரிசோதிக்கற கேம்ப் விஷயம். ஆபரேஷன் இலவசம்னு சொல்லியும் நிறைய பேர் வரல, ஏன்னு பாத்தா பஸ் காசு, சாப்பாடு, ஊர் விட்டு வர்ற பயம். அதுக்கப்புறம் பஸ், சாப்பாடு எல்லாம் அவங்களே ஏத்துக்கிட்டாங்க. கண்புரை ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள வைக்கற வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுபடியாகலன்னதும் 1992ல ஆரோலேப் தொடங்கி லென்ஸயும் இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. கொள்கைல உறுதி இல்லாதவங்க அந்த இடத்துலயே விட்டிருப்பாங்க.

கேள்வி: எங்க ஆஸ்பத்திரி ஓனர் நல்லவர்தான், ஆனா மேனேஜருங்களுக்கு டார்கெட் தவிர ஒண்ணும் தெரியாது. என்ன பண்றது?

பதில்: இன்சென்டிவ் எதுக்குக் குடுக்கறீங்கன்னு முதல்ல பாருங்க. நான் முன்னாடி வேலை பாத்த ஒரு ஆஸ்பத்திரில நோயாளிதான் முக்கியம்னு சுவர் பூரா எழுதியிருக்கும், மாசாந்திர மீட்டிங்ல ஸ்கேன் எத்தனைன்னு மட்டும்தான் கேப்பாங்க. நல்ல சிஸ்டர் ஒருத்தங்க மனசு கேக்காம வேலைய விட்டுட்டாங்க, அவங்களப் பேசி நிறுத்தாம இருந்தது எனக்கு இன்னமும் உறுத்துது. ஓனர் அடுத்த மீட்டிங்ல உக்காந்து தேவையில்லாத ஸ்கேன் எத்தனை தவிர்த்தீங்கன்னு கேக்கட்டும், மேனேஜருங்க ரெண்டே மாசத்துல அதையும் எண்ண ஆரம்பிச்சுடுவாங்க.

கேள்வி: என் கொள்கையும் கம்பெனி பிளானும் மோதினா அண்ணா?

பதில்: உங்களுக்குப் பிடிக்கலையா, இல்ல யாருக்காவது கெடுதலான்னு பிரிச்சுப் பாருங்க. பிடிக்கலன்னா ஒரு தடவ சொல்லிட்டு முழு மனசா வேலையப் பாருங்க. கெடுதல்னா பிளான் தொடங்கறதுக்கு முன்னாடியே மெயில்ல எழுதிக் குடுங்க, தொடங்கினப்புறம் சொன்னா கேக்க ஆள் இருக்காது.