எள்ளு வண்டுக்கு எண்ணெய் அடிக்கலாமா?

கேள்வி: மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் நாலு ஏக்கர் நெல் விதைத்து 22 நாள். தண்ணீருக்குள் எள்ளளவு கறுப்பு வண்டுகள் நூற்றுக்கணக்கில் ஓடித் திரிகின்றன. பயிரின் நுனி வெட்டுப்பட்டு, இலைத்துண்டுகள் மிதக்கின்றன. மருந்துக்கடையில் உடனே எண்ணெய், அதாவது பூச்சிமருந்து, அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கவா?

பதில்: தம்பி, மருந்தை வாங்கியிருந்து போத்தலை இன்னும் திறக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த வண்டு உங்கள் இலையை வெட்டவில்லை. நாலைந்தைப் பிடித்துக் கண்ணாடிப் போத்தலில் விட்டுப் பாருங்கள். காற்றெடுக்க மேலே வரும்போது பின்புறத்தை நீட்டினால் வேட்டைக்காரச் சாதி. செட்டைக்குக் கீழே காற்றை அடைத்துக்கொண்டு மறுபடி முங்கும். தலையை நீட்டினால் மற்றச் சாதி. பெரும்பாலும் பாசியும் அழுகலும் தின்னும், ஆனால் அதன் புழுக்கள் வேட்டைதான். நுளம்புக் குடம்பிகள் இவற்றுக்கு நல்ல தீனி. வயலில் தண்ணீர் கட்டியதும் இரவில் பறந்து வந்திருக்கும், வற்றினால் போய்விடும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது மிதக்கிற இலைத்துண்டைப் பற்றி. ஒன்றைப் பிரியுங்கள். குழலாகச் சுருண்டு உள்ளே புழு இருந்தால் அதுதான் கள்ளன். அதற்குச் செவுள் உண்டு, தண்ணீர் இல்லாமல் தாங்காது. வக்கடையை (வரம்பில் தண்ணீர் போகிற வெட்டு) திறந்து இரண்டு மூன்று நாள் வடியவிடுங்கள். வக்கடை வாயில் பழைய வலைத்துண்டு கட்டுங்கள். இல்லாவிட்டால் கூடுகள் பக்கத்து வயலுக்கு மிதந்து போய், வயல் தண்ணீர் வழக்குகளைப் பார்க்கிற வட்டை விதானை முன்னால்தான் முடியும்! 22 நாள் பயிர், திரும்பத் தளிர்த்துவிடும்.

இனி நான் எப்போதும் சொல்லிச் சலிக்காத விஷயம்: வரம்பு. இந்த வண்டுகளின் புழுக்கள் வளர்ந்ததும் கரையேறி, ஈரமண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகின்றன. வரம்பைக் களைநாசினியால் சுட்டுச் சுடுகாடாக்கினால் அவை எங்கே போகும்? மண்வெட்டியால் செதுக்குங்கள், கொஞ்சம் புல்லையும் விடுங்கள். இரண்டு நாள் கூலி கூடத்தான், சரி. ஆனால் முதல் 40 நாளுக்குள் பூச்சிமருந்து அடித்தால் சிலந்தியும் வண்டும் செத்து, பின்னால் அறக்கொட்டி (பயிரின் சாற்றை உறிஞ்சும் தத்திப்பூச்சி) வரும்போது தடுக்க ஆள் இல்லை. வியட்நாமின் மீகொங் கழிமுகத்தில் 1990களில் இதைத்தான் விவசாயிகளிடம் வானொலியில் கூடச் சொன்னார்கள். கடைக்காரர் சொல்லமாட்டார், அவர் வயலைப் பார்த்து மருந்து தருபவரல்ல, றாக்கையில் இருப்பதைப் பார்த்துத் தருபவர்.

வடியவிட்ட பிறகும் புதிதாக வெட்டுத் தெரிந்தால், புழுவைக் கூட்டோடு எடுத்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள்.